வீட்டு வாசலில் தொடங்கும் வேலை நேரம்

திருநின்றவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கவிக்கு,

நானும் பாப்பாவும் நலம். உன் நலத்தைத்தான் நம்ப முடியவில்லை. வீடியோவில் எவ்வளவு சிரித்தாலும் உன் கன்னம் ஒட்டிப்போயிருப்பது தெரிகிறது. போனில் என்ன கேட்டாலும் நான் எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேனாம், அதனால் கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். உத்தரவு போட்டாய், உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். ஐ.டி.ஐ. முடித்த பிறகு நான் கையால் எழுதியது முழுக்க லீவு லெட்டர்தான்.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பிரான்சுக்கு பார்சல் அனுப்பச் சொல்கிறாள், அம்மா பார்க்க வேண்டுமாம். பத்மா அக்காதான் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, வீட்டுப்பாடமும் எழுத வைக்கிறாள். என் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் பக்கத்துத் தெருவில் இல்லையென்றால் நான் அம்போதான். மகளின் தலையை இரட்டைச் சடையாகப் பின்ன நானும் கற்றுக்கொண்டேன். ஒரு சடை மேலேயும் ஒரு சடை கீழேயும் இருக்கிறது. அதுதான் இப்போது ஸ்டைல் என்று அவளை நம்ப வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையும் யூனிவர்சிட்டிக்குப் போய் உட்கார்ந்ததற்காக உன்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார்களே, அதை வேப்பம்பட்டுக்குப் போயிருந்தபோது உன் அப்பாவிடம் சொன்னேன். மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னா மாப்ளே இது, வேலை செஞ்சதுக்கா திட்டுறாங்கோ, அது இன்னா ஊரு என்று கேட்டார். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு இருந்தே ஆகணும், ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள்ளும் இத்தனை மணி நேரம் ஓய்வு வேணும் என்று அங்கே சட்டம் மாமா என்றேன். ஊரான் வயலில் கூலிக்குக் கதிர் அறுத்தே பாதி வயதைக் கழித்த மனுஷன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், கவி அங்கயே இருக்கட்டும், நல்ல ஊருதான் என்றார். நான் முறைத்தேன். உடனே, இல்ல இல்ல, வரட்டும் வரட்டும் என்று மாற்றிக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் ஷிப்டை மாற்றப் போகிறார்கள். எட்டு மணி நேரம் போய், பன்னிரண்டு மணி நேரம் வருமாம். நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு என்று ஹெச்.ஆர். மேனேஜர் ராகேஷ் சொல்கிறார். யூனியனில் பாதிப்பேருக்கு மேல் வேண்டாம் என்றுதான் இருந்தோம். வெள்ளிக்கிழமை கேன்டீன் ஹாலில் திரை கட்டி ஒரு கூட்டம் போட்டார்கள். ஆலோசகர் வருகிறார் என்றார்கள். பார்த்தால் உன் பி.எச்.டி. கைடு சிவராமன் சார்! அதே வெள்ளை அரைக்கை சட்டை. என்னைப் பார்த்ததும் கை காட்டினார்.

சார் ஒரு வரைபடம் போட்டார். வேலை செய்யச் செய்ய களைப்பு ஏறும், ஓய்வெடுத்தால் இறங்கும், எப்போது நிறுத்தினால் களைப்பு சேராமல் இருக்கும் என்பதைக் கணக்கால் சொல்லலாம் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது கவி. நீ அடுப்படியில் நின்று எனக்கு வருஷக்கணக்கில் சொன்ன அதே கதை. ஓடுகிற ஒன்றின் போக்கைப் பார்த்துப் பார்த்து, எவ்வளவு தள்ளணும், எப்போது விடணும் என்று கண்டுபிடிப்பதுதான் கட்டுப்பாட்டியல் என்பாயே. அந்தச் சமன்பாட்டில் வரும் 'யு' என்ற எழுத்து உதயன்தான் என்று சொல்லி என்னை ஒரு வருஷம் ஏமாற்றினாய். உலகத்தில் எல்லாப் புத்தகத்திலும் அது 'யு'தான் என்று சார்தான் நம் வீட்டு விருந்தில் போட்டு உடைத்தார்.

கடைசித் திரையில் உன் பெயர். சிவராமன், கவிப்பிரியா என்று பெரிதாக. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, எழுந்து தட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இது என் மனைவி எழுதியது, ஆறு வருஷம் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து எழுதினாள், தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். அதோடு ஹாலில் இருந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. உன் ஊட்டுக்காரம்மா கணக்குன்னா சரிதான் மாமே என்று என்னோடு லைனில் நிற்கிற ஜெகதீஷ் தோளில் தட்டினான். முதலில் தகடு அடிக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் மட்டும் சோதனையாக நடத்துவது, சரியாக வந்தால் எல்லா லைனுக்கும் ஒப்பந்தம் போடுவது என்று முடிவானது.

சார் கிளம்பும்போது, சென்னையில் நீ விண்ணப்பித்திருக்கும் வேலைக்கான இன்டர்வியூவுக்குப் பலமாகச் சிபாரிசுக் கடிதம் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அவர் சொல்லுக்கு அந்தக் கமிட்டியில் மதிப்பு அதிகமாமே. பிறந்தநாளுக்கு அம்மா வந்துவிடுவாள் என்று பாப்பா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. அவர்கள் வீட்டுக்குப் போ என்றால் போ.

உன் பெயரால் நேற்று கேன்டீனில் இலவசமாக இரண்டு டீ குடித்த
உதயன்.


திருநின்றவூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள கவிக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியைப் பல தடவை கேட்டுவிட்டேன். இவ்வளவு கோபமாக நீ பேசி நான் கேட்டதில்லை. என் மேல் இல்லை என்று சொன்னாய். கொஞ்சம் என் மேலும்தான், தெரிகிறது.

நீ சொன்னது எனக்குப் புரிந்தது. நீள வேலைநாள் சரி என்று உன் ஆராய்ச்சி சொன்னது இரண்டு நிபந்தனையோடு. வேலை நேரம் என்பது வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து திரும்ப வீட்டு வாசலுக்குள் வரும் வரை. லீவு நாள் என்றால் முழு லீவு, ஓவர்டைம் என்று யாரும் கூப்பிடக் கூடாது. கம்பெனித் திரையில் இரண்டும் இல்லை. கேட்டில் கார்டு தேய்த்ததிலிருந்துதான் கணக்கு, தேவைப்பட்டால் லீவு நாளிலும் வரணும் என்று ராகேஷ் அன்றே சொன்னார். நான் கைதட்டுகிற மும்முரத்தில் காதில் வாங்கவில்லை. அந்த வாசல் நிபந்தனையை நீ எழுதியதே என்னால்தான் என்பதுகூட எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. பட்டரவாக்கத்தில் ஏறி திருநின்றவூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே தூங்கிப்போன என்னைப் பார்த்துத்தானே அதை எழுதினாய்.

சாருக்கு போன் செய்தேன். அவர் மழுப்பவில்லை. நிபந்தனையெல்லாம் எழுதினா கம்பெனிக்காரங்க முதல் பக்கத்தோட மூடி வச்சிடுவாங்க உதயா, முதல்ல கணக்கு உள்ளே போகட்டும், அப்புறம் ஒவ்வொண்ணா சேர்த்துக்கலாம் என்றார். கவி ரொம்பக் கொதிக்கிறாள் சார் என்றேன். அவர் தயங்கிவிட்டு, இன்டர்வியூ சமயத்தில் இதெல்லாம் வேண்டாமே, என்னை மறுத்து அவளே கடிதம் எழுதினால் நான் கொடுத்த சிபாரிசை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவது என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். உனக்கு முதல் ஸ்காலர்ஷிப் வாங்கிக் கொடுத்தவர், நம் கல்யாணத்துக்கு மழையில் நனைந்துகொண்டு வந்தவர். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கம்பெனிக்கு நான் நேராக எழுதட்டுமா, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டாய். சொல்கிறேன். இப்போது வேண்டாம் கவி. இன்டர்வியூ முடியட்டும். நீ முதலில் ஊர் வந்து சேர். அதன் பிறகு நாம் இரண்டு பேருமாகக் கேட்டில் நின்றுகூடக் கத்தலாம். இது வெறும் சோதனைதான், நானும் அதே பிரஸ் ஷாப்பில்தான் இருக்கிறேன், ஏதாவது கோளாறு என்றால் எனக்குத் தெரியாமல் போகாது.

வீடு நீ இல்லாமல் வீடாகவே இல்லை. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
உதயன்.


திருநின்றவூர்,
சனிக்கிழமை.

அன்புள்ள கவி,

நலம் விசாரித்து எழுத இன்று மனசில்லை, மன்னித்துக்கொள். பாப்பா நன்றாக இருக்கிறாள். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பயந்துவிடுவாய்.

சோதனை தொடங்கி முதல் வாரம் எல்லோருக்கும் குஷிதான். மூணு நாள் லீவு என்றதும் ராஜகுமாரி அக்கா, எங்க ஷாப்பிலேயே இன்ஸ்பெக்‌ஷனில் இருக்காங்களே, அவங்க திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாங்க. இரண்டாவது வாரத்தில் ஆர்டர் அவசரம் என்று லீவில் ஒரு நாளைப் பிடுங்கினார்கள். மூன்றாவது வாரம் இரண்டு நாள். நீ சொன்னபடியே நடந்தது. நான் வீட்டுக்கு வந்து பாப்பா பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறேன். நீ தூங்கு நைனா, நான் சும்மாதான் சொன்னேன் என்று அவளே போர்வையை இழுத்துவிட்டுப் போகிறாள்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து நானும் ஜெகதீஷும் ஒரே ரயிலில்தான் வந்தோம். நான் திருநின்றவூரில் இறங்கினேன். அவன் வேப்பம்பட்டில் இறங்கி, ஸ்டாண்டில் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற வழியில் கண் செருகிவிட்டது. சின்னப் பாலத்துக் கட்டையில் மோதி விழுந்திருக்கிறான். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது, முகமெல்லாம் தோல் உரிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கையால் பழையபடி பிரஸ்ஸில் மாட்டும் இரும்பு டையைத் தூக்க முடியுமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நடந்தது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று ராகேஷ் சொல்லிவிட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். அவன் மனைவி என்னைத் திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உட்காருங்கண்ணா என்றாள். ஜெகதீஷுக்கு வாய் வீங்கியிருந்தது, பேச்சு குழறியது. எனக்குத்தான் மாமே சரியா தூக்கம் புடிக்கல, லீவு நாள்ல டிவி பார்த்துகினு கெடந்தேன், கணக்கு இன்னா பண்ணும், உன் ஊட்டுக்காரம்மா கணக்கு தப்பா இருக்காது என்றான். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறான் கவி! சோதனைக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்தவன் அவன். நான் எழுந்து கைதட்டினேன் என்பதற்காகக் கொடுத்தான். நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். அவன் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அவன் தன்னைத்தானே குற்றவாளி ஆக்கிக்கொண்டான் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. லைனில் இருக்கிற எல்லோரும் இப்போது அப்படித்தான் நினைக்கிறார்கள். முதுகு வலித்தால், கண் எரிந்தால், நமக்குத்தான் உடம்பு சரியில்லை, கணக்கு சரியாகத்தான் இருக்கு என்கிறார்கள். மனுஷன் களைத்துப்போவது அவன் குற்றமில்லை என்று சொல்லத்தானே நீ ஆறு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாய். உன் கணக்கை வைத்தே அதற்கு நேர் எதிரானதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

நேற்று யூனியன் கூட்டத்தில் எழுந்து, அன்று நான் சொன்னது தப்பு, நிபந்தனைகளை வெட்டிவிட்டுத்தான் காட்டினார்கள், என் வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். யாரும் ஏசவில்லை. தலைவர் கஜபதி அண்ணன் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீ சொன்னா அது புருசன் பேச்சு நைனா, மேனேஜ்மென்ட் சிரிப்பான், எழுதினவங்களே எழுதிக் கொடுத்தாத்தான் நிப்பாட்ட முடியும் என்றார். எல்லா லைனுக்கும் ஒப்பந்தம் போட அடுத்த வாரம் உட்காரப் போகிறார்கள். உன் இன்டர்வியூ அதற்கும் பிறகுதான். நான் சொன்னபடி காத்திருந்தால் கையெழுத்தாகிவிடும்.

போன கடிதத்தில் வேண்டாம் என்று எழுதியவன் நீ எப்போது வருவாய் என்று மட்டும் பார்த்தான். நீ என்னைக் கேட்டது புருஷன் என்பதற்காக மட்டும் இல்லை, அந்த லைனில் நிற்கிறவன் என்பதற்காகவும்தான் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. லைனில் நிற்கிறவனாகச் சொல்கிறேன், எழுது. உன் நிபந்தனை இரண்டையும், அவை இல்லாவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது என்பதையும், உன் பெயர் போட்டு, கம்பெனிக்கும் யூனியனுக்கும் எழுது. சாருக்கும் ஒரு பிரதி அனுப்பு. மரியாதையாகவே எழுது. அவருக்கு நாம் பட்ட கடன் இதனால் தீர்ந்துபோகாது. அவருக்கும் ஒரு நாள் இது நல்லதாகவே படும் என்று நினைக்கிறேன். படாமலும் போகலாம்.

சென்னை வேலை கைவிட்டுப் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அதனால் அதைச் சொல்லவில்லை. போனால் வலிக்கும். எனக்கு ரொம்பவே வலிக்கும். அங்கே உன் ஆராய்ச்சி வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துத் தருவதாகச் சொன்னார்களே, அதற்குச் சம்மதம் சொல்லி வை. உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை மாமா மாற்றிப் பேசவில்லை. எம் பொண்ணு எழுதுவா மாப்ளே, நீ கேக்கவே வேணாம் என்றார்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்பே, பிறந்தநாளுக்கு அம்மா வரமாட்டாள் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் எழுதி வைத்துவிட்டு அவளிடம் பிறகு சொல்லலாம் என்று இருந்தால், அவள் முகத்தைப் பார்த்ததும் காகிதத்தைக் கிழித்துப்போடுவேன் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டாள். ஜெகதீஷ் மாமாவுக்கு அடிபட்ட மாதிரி வேறு யாருக்கும் அடிபடாமல் இருக்க அம்மா ஒரு வேலை செய்யணும் என்றேன். அழுதாள். மடியில் படுத்துக்கொண்டு, மூக்கு சிவக்கிற வரைக்கும் அழுதாள். அப்புறம் எழுந்து, பசிக்குது நைனா, முட்டை தோசை போட்டுத் தா என்றாள். இரண்டு தின்றாள். அவள் அழுது முடித்துவிட்டாள் கவி. அவளிடம் எப்படிச் சொல்வது என்று நீ இனி யோசிக்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு நட. கடிதத்தை அனுப்பிவிட்டு நன்றாகத் தூங்கு. எந்த வருஷம் வந்தாலும் சரி, நீ வந்து இறங்குகிற அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஏர்போர்ட்டில் முன்வரிசையில் நிற்போம்.

என்றும் உன்,
உதயன்.